ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் வீட்டு மாருதியும்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "தம்பி, இந்த வருஷம் நீயும் பேசணும்" என்றார். "நான் என்னத்தண்ணே பேசுறது? மத்தவங்க எல்லாம் அமெரிக்கா, ஜெர்மனின்னு போயிட்டு வந்து பேசுவாங்க. நான் கீழ்வேளூர்ல உக்காந்திருக்கேன்" என்றேன். "ஞாயித்துக்கிழமை ஆனா காருக்கு அடியில படுத்துக் கிடக்கியாமே, அதப் பத்திப் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே இன்று என் தலைப்பு, நம் காரை வீட்டிலேயே நாமே பராமரிப்பதும் பழுது பார்ப்பதும். சாப்பாட்டு நேரம் நெருங்குவது எனக்கும் தெரியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில், கேடிலியப்பர் கோயில் இருக்கும் ஊர் கீழ்வேளூர். சுற்றிலும் வயல். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். என் அப்பா 2004-இல் ஒரு மாருதி 800 வாங்கினார். 796 சி.சி., மூன்று சிலிண்டர். 1983 டிசம்பரில் முதன்முதலாக வந்த அந்த வண்டி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. எங்கள் வீட்டில் மட்டும் நிற்கவில்லை. 15 ஆண்டு முடிந்து 2019-இல் பதிவைப் புதுப்பித்தோம், 2024-இல் மறுபடியும் புதுப்பித்தோம். இன்று இங்கே வந்ததும் அதில்தான். வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது.

நான் படித்தது இயந்திரவியல். ஆட்டோ சைக்கிளின் செயல்திறனுக்குச் சூத்திரம் எழுது என்றால் தூக்கத்தில் எழுதுவேன். ஆனால் 2015 வரை அந்தக் காரின் பானெட்டை நான் திறந்ததே கிடையாது. திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது என்றால் நம்ப மாட்டீர்கள்.

2015 கார்த்திகை மாதம். நல்ல அடைமழை. இரவு ஒன்றரை மணி இருக்கும். அப்பாவுக்கு நெஞ்சு அடைப்பது போல் வந்து மூச்சு வாங்கியது. திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் 'டிக்'. ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. லைட் எரிவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டர்தான் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, 108-க்குப் போன் செய்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு டிராக்டர் டிரைவர் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பானெட்டைத் திறந்தார். டார்ச் அடித்தார். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. "ஒரு செம்பு வென்னீ கொண்டாங்க தங்கச்சி" என்று அம்மாவிடம் கேட்டு வாங்கி ஊற்றினார். டெர்மினலைப் பிடித்து இரண்டு திருகு திருகி இறுக்கினார். "இப்ப அடிங்க மாப்ள." வண்டி கிளம்பிவிட்டது.

அப்பா பிழைத்துக்கொண்டார். இன்று அந்த மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏண்டா, நாலு வருஷம் படிக்க வச்சேனே. ஒரு டெர்மினலத் தொடைக்கச் சொல்லித் தரலியா?" கேலியாகத்தான் கேட்டார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் சொல்லித் தந்திருந்தார்கள். இதோ முன்வரிசையில் இருக்கும் ஐயாதான் முதலாண்டில் ஓம் விதி நடத்தினார். அதில் நான் முழு மார்க். கணக்கைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் வண்டியை உதைக்கும்போது சுமார் 100 ஆம்பியர் இழுக்கும். பூத்துப்போன முனையில் வெறும் 0.03 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே செத்துவிடும். 12-இல் 3 போனால் மோட்டார் எப்படிச் சுற்றும்? ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது 10 ஆம்பியருக்குள்தான். அதே தடையில் 0.3 வோல்ட்தான் போகும். அதனால் லைட் பளிச்சென்று எரியும். தாளில் இந்தக் கணக்கைப் போட்டவன், மழையில் அதே கணக்கு எதிரே நின்றபோது அடையாளம் தெரியாமல் நின்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஓர் உயிருக்கே உதவாமல் போகப் பார்த்தது.

அப்பா வீட்டுக்கு வந்த வாரம், எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குப் போனேன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், வேண்டாம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்பாசடர் காலத்திலிருந்து ஸ்பேனர் பிடிப்பவர். "அண்ணே, ஞாயித்துக்கிழமைல நான் உங்ககிட்ட வேலை கத்துக்கணும்" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "இன்ஜினியருக்கு எங்கிட்ட என்ன தம்பி இருக்கு?" என்றார். அப்புறம் ஒரு கொத்து பனியன் வேஸ்ட்டைக் கையில் கொடுத்து, "மொதல்ல அந்த ஸ்பேனரெல்லாம் தொடச்சு நம்பர் வாரியா அடுக்குங்க" என்றார். ஒரு மாதம் அதுதான் வேலை. எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் எது என்று பார்க்காமலே விரல் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: "தம்பி, ஜாக்கி தூக்குறதுக்கு. தாங்குறதுக்கு இல்ல." ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. கெட்டியான சிமெண்டுத் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டு வைத்து, வண்டியை அதன் மேல் இறக்கி, கையால் ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லை அடுக்கி நிறுத்துவதை அவர் பார்த்தால் அடிக்கவே வருவார். செங்கல் பொடியும்போது சொல்லிக்கொண்டு பொடியாது.

இரண்டாவது, பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் கழன்று இருந்தால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. மூன்றாவது, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி கழன்ற கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். இதையெல்லாம் நாமும் புத்தகத்தில் படித்தோம். அவர் சொன்னபோது கூடவே தன் முன்கையில் இருந்த தழும்பையும் காட்டினார். அதனால் மறக்கவில்லை.

நம் பக்கத்தில் கார் வைத்திருப்பது ஒரு தனிக் கலை. கம்பெனிப் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டருக்கு இது, 20,000-க்கு அது என்று போட்டிருப்பான். நான் அதோடு கூட விவசாயிகள் போல மாதக் கணக்கும் வைத்திருக்கிறேன்.

புரட்டாசியில், மழைக்கு முன், பிரேக்கும் டயரும் வைப்பரும் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்று பத்து வருஷ டயரை ஓட்டுகிறவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் அந்த எண்ணைப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும். தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், தயவு செய்து. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்கப் பார்த்துக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக் கரையேற்றுங்கள். கைத்தள்ளலில் தீரவேண்டியதை எஞ்சின் வேலையாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

தை, மாசி அறுவடை. வயலில் வேலை முடிந்ததும் எலி வீட்டுப் பக்கம் திரும்பும். நாமோ கார் ஷெட்டிலேயே நெல் மூட்டையை அடுக்குகிறோம். எஞ்சின் சூட்டில் படுத்துக்கொண்டு ஒயரைக் கடிக்கும். பலர் புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வாசனை போனதும் எலி வந்துவிடுகிறது. மூட்டையை வேறு இடத்தில் வைத்து, வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான் எனக்குப் பலித்த வைத்தியம். அடுத்து உளுந்து, பயறுச் செடியை ரோட்டில் பரப்புவார்கள். அதன் மேல் ஓட்டினால் கொடி ஆக்ஸிலில் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் காய்ந்த செருகு ஒட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, குனிந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பங்குனி, சித்திரையில் கூலண்ட். எங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளேயே அரித்துப் படிவம் கட்டும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும்தான். நாகப்பட்டினம் கடற்கரைக்கோ வேளாங்கண்ணிக்கோ போய் வந்தால் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். துரு எப்போதும் நாம் பார்க்காத இடத்தில்தான் ஆரம்பிக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் ஹோஸ்களை அடிக்கடி தொட்டுப் பார்ப்பதும் நல்லது.

எஞ்சின் ஆயில் மாற்றுவது எவரும் செய்யக்கூடிய வேலை. என் வண்டிக்கு மூன்று லிட்டருக்குள்தான் பிடிக்கும். ஆனால் பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள்? வேலிக் காலில் ஊற்றுவார்கள், வாய்க்காலில் கொட்டுவார்கள். அந்த வாய்க்கால் தண்ணீர்தான் அடுத்த வயலுக்குப் போகிறது. கேனில் பிடித்து மெக்கானிக் ஷெட்டில் கொடுத்துவிடுங்கள். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. சேர்த்து வைத்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் கொடுப்பார்கள்.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் போயிற்று. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்து, மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில் எங்கள் தெருவே இந்த மாருதியில்தான் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றியது. டிராக்டர் மாமாவே வந்து நின்றார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இப்போது சொல்லப்போவதை வீட்டுக்கு வெளியே இதுவரை சொன்னதில்லை.

2021-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்சக்கரங்களுக்கு நானே புது பிரேக் பேட் போட்டேன். பேட் மாற்றும்போது காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் புதியதை நுழைக்க வேண்டும். முடிந்ததும், வண்டியை எடுக்கும் முன், பெடலை நாலைந்து முறை மிதித்துப் பிஸ்டனைத் திரும்ப வெளியே கொண்டு வர வேண்டும். இது எனக்குத் தெரியும். அன்று "சாப்பாடு ஆறுது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவசரமாக வண்டியை எடுத்தேன். கொல்லை வாசலில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையோடு போய்விட்டது. ஹேண்ட் பிரேக் நினைவுக்கு வருவதற்குள் வண்டி நேரே போய் வைக்கோல் போரில் மோதி நின்றது. பெரிய வேகம் இல்லை. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்தப் போரடியில் என் மகள் சொப்புச் சாமான் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அவள் அப்பாயி சாப்பிடக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போயிருந்தார். சக்கரத்துக்கு அடியில் அந்தச் சொப்புகள் நொறுங்கிக் கிடந்தன.

அன்று சாயங்காலம் மெக்கானிக் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எனக்கும் நடந்திருக்கு தம்பி. அன்னேலேந்து பிரேக் வேலை முடிஞ்சா ஸ்டியரிங்ல ஒரு துணியக் கட்டிருவேன். பெடல மிதிச்சுப் பாத்தப்பறம்தான் அவுப்பேன்" என்றார். முப்பது வருஷ அனுபவக்காரர், தன் ஞாபகத்தை நம்பாமல் ஒரு துணியை நம்புகிறார். விமானம் பழுது பார்க்கும் இடங்களில் இருக்கும் சரிபார்ப்புப் பட்டியலும் இதே அறிவுதான். என் ஸ்டியரிங்கிலும் இப்போது ஒரு சிவப்புத் துணி உண்டு.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் வண்டியை நாம் தொட்டுப் பழகினால் காசு மிச்சமாவது உண்மை. ஆனால் பெரிய லாபம், நம் எல்லை நமக்குத் தெரிகிறது. டெர்மினல், ஆயில், பில்டர், பிளக், கூலண்ட், பல்பு, ஸ்டெப்னி மாற்றுவது எல்லாம் எந்த வீட்டிலும் செய்யலாம். பிரேக்கை, பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்று பார்க்காமல் தொடாதீர்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் ஏர்பேக்கையும், மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறத்தில் வரும் ஒயரையும் நீங்களாகத் தொடவே தொடாதீர்கள். தொட்டுப் பழகியவனுக்குத்தான் எதைத் தொடக் கூடாது என்பதும் மனதில் நிற்கிறது.

"இப்போ வர்ற கார் எல்லாம் கம்ப்யூட்டர், நம்மால என்ன முடியும்?" என்று கேட்கிறீர்கள். நியாயம். ஆனால் நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் ஓ.பி.டி. இரண்டு என்ற வசதி கட்டாயம். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். சிறிய கருவி ஒன்றைச் செருகினால், வண்டி தன் நோயைத் தானே சொல்லும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். மெக்கானிக் அண்ணனுக்கு இதை நான் சொல்லிக் கொடுத்தேன். ஒன்பது வருஷத்தில் நான் அவருக்குக் கொடுத்த ஒரே குருதட்சணை அதுதான். குறியீட்டை நான் படிக்கிறேன், காரணத்தை அவர் கண்டுபிடிக்கிறார்.

எல்லாமே அப்படித் திறந்து கிடப்பதில்லை. உதிரிப் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க விடாமல் செய்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு போயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார் பழுது நீக்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் அந்த உரிமைக்கென ஓர் இணையத் தளத்தைத் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் படித்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். அந்த வண்டி கழற்ற முடியாதபடி செய்யப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒன்று நம் சங்கத்துக்கு. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு பழைய காரை நடுவில் நிறுத்தி, எங்கள் ஊர் அண்ணன் மாதிரி ஒருவரை ஆசிரியராக உட்கார வைத்துக் கைவேலைப் பயிற்சி நடத்துவோம். அவருக்குப் பேருந்துக் கட்டணமும் பொன்னாடையும் மட்டும் கொடுத்து அனுப்பாமல், ஒரு விரிவுரையாளருக்குக் கொடுக்கும் தொகையைக் கொடுப்போம். என் மாருதியை நான் தருகிறேன்.

இன்னொன்று, சென்னையிலும் ஓசூரிலும் வண்டி வடிவமைக்கும் வேலையில் இருக்கும் நம் நண்பர்களுக்கு. நீங்கள் திரையில் ஒரு போல்ட்டை வரையும்போது, அதைச் சுற்றி ஒரு ஸ்பேனர் திரும்ப இடம் விடுங்கள். என்றோ ஒரு நாள், மழையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒருவர் அதைத் தேடிக் கை விடுவார். பின்சீட்டில் யாரோ ஒருவருடைய அப்பா இருப்பார்.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் வேப்ப மரத்தடிக்கு வாருங்கள். பானெட் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்.